சுமையும் துணையும்

2012ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் வட இந்தியாவின் பெரும்பகுதியும் கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களும் மின்சாரமின்றித் தவித்தன. புகைவண்டிகள் நடுவழியில் நின்றன. சுரங்கத் தொழிலாளர் பலர் நிலத்தடியில் சிக்கினர். மாநிலங்கள் சில தம் பங்கிற்கு மேல் மின்சாரம் எடுத்தமையால் பீனா–குவாலியர் மின்தடம் செயலற்றது. அதன் சுமை ஏனைய தடங்கள்மேல் சாய, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

இணைப்பே கேட்டிற்கு வழியாயின், அதனை அறுத்தல் நன்றோ? நின்றுபோன மின்நிலையங்கள் மீண்டும் இயங்குதற்கும் மின்சாரம் வேண்டும். வீழாது நின்ற மேற்கு மண்டலம் அவ்விணைப்பின் வழியே அதனை வழங்கி உதவியது.

குடும்பமும் இத்தகையதே. ஒருவர் கடமை தவறின், அச்சுமை தாய்மீதோ தமக்கைமீதோ சாய்கிறது; அவரும் தளர்ந்தால் இல்லமே இருளும். தளர்ந்தவரைத் தாங்கும் கையும் அவ்வுறவின் வழியே வருகிறது. ஆதலின், மாணவர்களே, உங்கள் பங்கைக் குறைவின்றிச் செய்யுங்கள்; பிறர் பங்கைக் கவராதீர்கள்.