சாலையோரம் நட எந்த மரம்? பூவைப் பார்க்காமல் வேரைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்ததும் ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் மரக்கன்று நடும் வேலை சுறுசுறுப்படைகிறது. எந்தக் கன்று கைக்குக் கிடைக்கிறதோ அதை நட்டுவிடுவதே பெரும்பாலும் நடைமுறையாக இருக்கிறது. பின்னால் அதன் பலனை அனுபவிப்பவர்கள் சாலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும், தெருவில் வீடு உள்ளவர்களும்தான். மரம் சாய்ந்தால் அவர்களுடைய கூரையும் மின்கம்பியும் போகும். நிழல் படர்ந்தால் அவர்களுடைய நெல் பதராகும். ஆகவே குழி வெட்டும் நாளிலேயே, இந்த இடத்துக்கு இந்த மரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி நடுவது நல்லது.

தோப்பில் செழித்து வளரும் மரம் சாலையோரத்திலும் அப்படியே வளரும் என்று எண்ணக் கூடாது. சாலையோர மண் உருளை ஓட்டி இறுகிய மண். அதில் சரளைக் கல்லும் கட்டட இடிபாடும் கலந்திருக்கும். கோடையில் தார்ச்சாலையின் வெப்பம் அடிக்கும். இலைகளில் புழுதியும் புகையும் படியும். இவை போதாவென்று குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்கள் முழுவதும் அறுபட்டுவிடும். நட்ட பிறகு தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்காது. இத்தனையையும் தாங்கி நிற்பதைத்தான் சாலையோர மரம் என்று சொல்ல முடியும்.

புயலில் சாய்ந்த மரங்கள்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான சாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்தவற்றில் மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை அதிகம். இவை மூன்றும் நம் நாட்டு மரங்கள் அல்ல. மயில்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்தும், தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்தும் வந்தவை. விரைவாக வளரும், கண்ணைப் பறிக்கும்படி பூக்கும் அல்லது குடைபோல் விரியும் என்பதால் நடப்பட்டவை. ஆனால் இவற்றின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. மேல் மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. மயில்கொன்றையின் கிளையும் முறுக்கில்லாதது. மேலும் அது இலையில்லாமல் மொட்டையாக நிற்பது கோடையில்தான். நிழல் வேண்டிய நேரத்தில் நிழல் இல்லை.

நாட்டு மரங்கள் சாயவேயில்லை என்று சொல்வதற்கில்லை. வேம்பும் புங்கமும்கூட விழுந்தன. ஒரு பக்க வேர் அறுபட்ட மரமும், அடிமரம் வரை சிமெண்டு பூசி அடைக்கப்பட்ட மரமும் எந்த இனமானாலும் காற்றுக்கு நில்லா.

வேர் கெடுவது நாற்றங்காலில்

இந்த விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சிறிய பாலிதீன் பையில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த கன்றின் ஆணிவேர், பையின் அடியைத் தொட்டதும் இறங்க வழியின்றிச் சுருண்டு வளையமாகிறது. அதை அப்படியே நட்டால் கன்று பிழைக்கும், தழைக்கவும் செய்யும். ஆனால் அந்த வளையம் மரத்தோடு சேர்ந்து பருத்துத் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு காற்றில் மரம் பெயர்ந்து விழும்போது பார்த்தால், ஆணிவேர் இருக்க வேண்டிய இடத்தில் சும்மாடு போல் ஒரு முடிச்சு இருக்கும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சிறிய பையில் ஆறடி உயரம் நிற்கும் கன்றைவிட, பெரிய பையில் மூன்றடி உயரமும் விரல் பருமன் தண்டும் உள்ள கன்று மேலானது. பத்துக் கன்றுக்கு ஒன்றின் பையைக் கிழித்து வேரைப் பார்க்கலாம். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நடும்போது பையை முழுவதும் அகற்றி, அடியில் சுருண்ட வேரைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட வேண்டும்.

இதையே மறுபுறமிருந்து பார்த்தால் ஒரு வருமான வழியும் தெரியும். நகரத் தெருக்களுக்குப் போகும் கன்றுகள் பலவும் கிராமத்து நாற்றங்கால்களில் வளர்பவையே. கிணறும் ஐந்து சென்ட் நிலமும் உள்ள விவசாயி, பையை ஆண்டுக்கு ஒருமுறை பெரிதாக மாற்றி, ஒன்றரை ஆண்டு வளர்த்து, நல்ல வேருள்ள வேம்பு, புங்கன், மகிழம் கன்றுகளை விற்கலாம். வேப்பங்கொட்டை மட்டும் அவசரப்படுத்தும். ஆனி, ஆடியில் பழுத்து விழும் பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் முளைப்புத்திறன் விரைவாகக் குறையும்.

எந்த இடத்துக்கு எது

மழை குறைந்த மாவட்டங்களின் சாலைகளுக்கு வேம்புக்கு நிகர் வேம்புதான். மாசியில் இலை உதிர்த்துப் பங்குனியில் தளிர்த்து, சித்திரை வெயிலுக்குக் குளிர்ந்த நிழல் தருகிறது. சில ஆண்டுகளாக மழை, பனிக் காலங்களில் வேப்ப மரங்களின் நுனிக்கிளைகள் தீயில் கருகியது போல் காய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் ஒருவகைப் பூசணமும் சேர்ந்து செய்யும் வேலை இது. மரம் செத்துவிட்டது என்று வெட்டிவிட வேண்டாம். பெரும்பாலான மரங்கள் கோடையில் மீண்டும் தளிர்த்துவிடுகின்றன. காய்ந்த நுனிகளைக் கவாத்து செய்து எரித்துவிட்டால் போதும்.

தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் உவர் மண்ணுக்கும் வேம்பு ஏற்றதல்ல. அங்கே புங்கன் நன்றாக வரும். ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆடு மாடு அவ்வளவாகக் கடிப்பதில்லை. இலை வயலுக்குத் தழையுரமாகும். கொட்டையில் எண்ணெய் எடுக்கலாம். இலையில் கொப்புளம் கொப்புளமாகத் தோன்றுவது நுண்ணிய சிலந்தியால் வருவது. பார்க்க அழகில்லையே தவிர மரத்துக்குப் பெரிய கேடில்லை. ஊர்த் தெருவுக்கும் சாலைக்கும் ஒரே ஒரு மரத்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் நான் புங்கனைத்தான் சொல்வேன்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்றைத் தாங்குபவை பூவரசும் புன்னையும். பூவரசைப் போத்து நட்டு வளர்ப்பது நம் வழக்கம். வேலிக்கு அது சரி. சாலைக்கு வேண்டாம். போத்திலிருந்து வளரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விழுந்த மரங்களே சாலைகளை அடைத்து, உதவி போய்ச் சேருவதைத் தாமதப்படுத்தின. அப்பகுதி ஊராட்சிகளாவது விதையிலிருந்து வளர்த்த பூவரசையே கேட்டு வாங்க வேண்டும். டெல்டாவில் வாய்க்காலை ஒட்டிச் செல்லும் ஈரமான சாலைகளுக்கு மருதும் நாவலும் பொருந்தும். நாவல் பழம் பேருந்து நிறுத்தத்திலும் வீட்டு வாசலிலும் விழுந்து கறையாக்கும். எனவே ஊருக்கு வெளியே நட வேண்டும்.

புளியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்கும் தென்மாவட்டங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் நெடுஞ்சாலை என்றாலே இரு மருங்கும் புளிய மரம் என்றிருந்தது. 2000-க்குப் பிறகு நான்குவழிச் சாலைகளுக்காக அவற்றுள் ஏராளமானவை வெட்டப்பட்டன. நல்ல காற்றிலும் எளிதில் சாயாத மரம் அது. புளி மகசூல் ஏலத்தில் வருமானமும் வரும். தார் விளிம்பிலிருந்து நன்றாக விலகி, அகலமான புறம்போக்கு உள்ள இடத்தில் மட்டும் நட வேண்டும். விதைக்கன்று காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகளாகும். பெரியகுளம்-1 ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கும் என்றாலும் தாழக் கிளைப்பதால் பேருந்து ஓடும் சாலைக்கு ஆகாது. ஊராட்சித் தரிசில் நடலாம். ஆலும் அரசும்கூட ஊருக்கு வெளியேதான். வீட்டுச் சுவரருகே நட்டால் சுவர் போய்விடும்.

மின்கம்பியின் கீழ் உயர்ந்த மரத்தை நட்டு ஆண்டுதோறும் தலையை வெட்டுவதில் பொருளில்லை. அங்கே மந்தாரை, பவளமல்லி, கறிவேப்பிலை போன்ற சிறு மரங்கள் போதும். கொடுக்காப்புளியை வெட்டி வெட்டித் தாழ வளர்க்கலாம். முள் உண்டு என்பதால் நடைபாதையை விட்டுத் தள்ளி நட வேண்டும். குறுகிய தெருவுக்கு மகிழம் சிறந்தது. மெதுவாக வளரும், என்றும் பசுமையாக இருக்கும், காற்றுக்கு அசையாது. பொறுமையில்லாத ஊர்க்காரர்களுக்குத்தான் அது பிடிக்காது.

கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டுச் செடி, தண்ணீரில்லாமலே பச்சைப் பசேலென்று நிற்கிறது என்று நகரங்களில் வரிசை வரிசையாக நடப்பட்டது. குழாய்களையும் வடிகால்களையும் அதன் வேர் பாழாக்குகிறது, மகரந்தத்தால் சுவாசத் தொல்லை வருகிறது என்ற புகார்களின்மேல் குஜராத் அரசு 2023-லும், தமிழ்நாடு அரசு 2025-லும் அதை நடத் தடை விதித்தன. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

வயலுக்கு விழும் நிழல்

சாலையோர மரத்தால் பயிர் கெடுகிறது என்று விவசாயிகள் சொல்வது முழு உண்மை. எவ்வளவு கெடும் என்பதைச் சாலை ஓடும் திசை தீர்மானிக்கிறது. மார்கழியில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே இருக்கிறது. 30 அடி உயர மரத்தின் நிழல் அப்போது ஏறக்குறைய 20 அடி வடக்கே விழும். கிழக்கு மேற்காக ஓடும் சாலைக்கு வடக்கே உங்கள் வயல் இருந்து, உங்கள் பக்கத்து ஓரத்தில் மரங்களும் இருந்தால், சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் நாள் முழுவதும் நிழல்தான். சாலையை ஒட்டி 200 அடி நீளமுள்ள வயலில் 20 அடி அகலம் நிழல் என்றால் அது 9 சென்ட். ஓர் ஏக்கர்காரருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! அந்த 9 சென்ட்டில் பதர் மிகும். நிழலை விரும்பும் இலைச்சுருட்டுப் புழுவும் முதலில் அங்கேதான் தொடங்கும்.

சாலைக்குத் தெற்கே வயல் இருந்தால் மார்கழி நிழல் சாலையின் மேல் விழுந்துவிடும். ஆனி மாதத்தில்தான் நிழல் தெற்கே திரும்பும். அதுவும் அதே மரத்துக்கு ஆறேழு அடிக்கு மேல் இராது. வடக்கு தெற்காக ஓடும் சாலையில் ஒரு பக்கத்துக்குக் காலை நிழல், மறு பக்கத்துக்கு மாலை நிழல் என்று பங்காகிவிடும்.

எனவே கிழக்கு மேற்குச் சாலைகளில், வடக்கே வயல் உள்ள இடங்களில், அடர்ந்து படரும் மரங்களைத் தெற்கு ஓரத்தில் மட்டும் நடும்படி ஊராட்சியைக் கேளுங்கள். வடக்கு ஓரத்துக்குப் பனையே சிறந்தது. நிழல் மிகக் குறைவு. புயலுக்கும் வறட்சிக்கும் அதைப் போல் ஈடு கொடுப்பது வேறில்லை. ஆவணி, புரட்டாசியில் கொட்டையை நேராகக் குழியிலிட்டால் போதும். நாற்றங்கால் செலவு இல்லை. பலனுக்குப் பதினைந்து ஆண்டாவது காத்திருக்க வேண்டும். வேம்போ புங்கனோ ஏற்கெனவே நிற்கிறது என்றால், ஊராட்சியின் ஒப்புதலோடு பத்தடி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கழித்துவிடலாம். வயல் வரப்பை ஒட்டி, உங்கள் நிலத்துக்குள், இரண்டடி அகலம் மூன்றடி ஆழத்தில் ஒரு பள்ளம் எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை அதில் எட்டிப் பார்க்கும் வேர்களை வெட்டி வந்தால் உரமும் நீரும் பயிருக்கு மிஞ்சும். மரத்துக்கு மிக அருகில் இப்படித் தோண்டக் கூடாது. குறைந்தது பத்தடி தள்ளி இருக்க வேண்டும். கோபத்தில் அடிமரத்தில் பட்டையை உரிப்பவர்களும், ஆசிட் ஊற்றுபவர்களும் உண்டு. பட்டுப்போன மரம் ஒரு நாள் அவர்கள் வயலிலேயே விழும் என்பது ஒருபுறம் இருக்க, அது சட்டப்படி குற்றமும் ஆகும். சாலை மரத்தை வெட்ட வேண்டுமானால் உரிய அனுமதி பெற வேண்டும்.

நடும் முறை

மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு மாதம் முன்னதாகவே குழி எடுத்து ஆறவிட வேண்டும். தோண்டிய சரளையை மீண்டும் குழியில் தள்ளாமல், ஏரி வண்டலோ செம்மண்ணோ கொண்டு வந்து, மக்கிய தொழு உரம் 15 கிலோவும், கரையான் வராமலிருக்க வேப்பம் பிண்ணாக்கு அரைக் கிலோவும் கலந்து நிரப்ப வேண்டும். பெரிய மரங்களுக்கு 30 அடி இடைவெளி தேவை. முட்டுக் கொம்பு நட்டுத் தென்னை நார்க் கயிற்றால் எட்டுப் போல் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பியால் கட்டினால் தண்டு அறுபடும். சுற்றிலும் முள் அடைப்பு அவசியம்.

நடு விழாவுக்கு வருகிறவர்கள் நூறு பேர். மாசியில் தண்ணீர் ஊற்ற வருகிறவர் யார் என்பதை நடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் வாரத்துக்கு இருமுறை ஒரு குடம் தண்ணீர் கிடைத்தால் வேம்பும் புங்கனும் பிழைத்துக்கொள்ளும். நூறு கன்று நட்டுப் பத்து பிழைப்பதைவிட, இருபது நட்டு இருபதையும் காப்பாற்றுவது மேல். தெருவில் சிமெண்டுக் கல் பதிக்கும்போது அடிமரத்தைச் சுற்றி நாலடிச் சதுரம் மண்ணாகவே விடும்படி ஒப்பந்தக்காரரிடம் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆவணியில் அடர்ந்த கிளைகளைக் கலைத்துக் கவாத்து செய்தால் காற்று ஊடே புகுந்து போகும்.

அரளித் தழை: எச்சரிக்கை

நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி நடுவது சரியான தேர்வுதான். புகை, வெப்பம், வறட்சி எதற்கும் அது அஞ்சாது. ஆடு மாடும் தொடாது. தொடாததற்குக் காரணம் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. ஆனால் கவாத்து செய்து சாலையோரம் குவிக்கும் தழை வாடியதும், பச்சையில் ஒதுக்கிய மாடு அதைத் தின்றுவிடுகிறது. காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை. சிறிதளவு தின்றாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகி மாடு இறக்கலாம். நடுத்திட்டில் புல் அறுப்பவர்கள் அதில் அரளி இலை கலக்காமல் பார்க்க வேண்டும். கவாத்து நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு விடவே வேண்டாம். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல், தின்ற தழையில் ஒரு கொத்தையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்.

கன்றுகள் வேண்டுவோர் வனத்துறையின் நாற்றங்கால்களையும், தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையும் அணுகலாம். எத்தனை கன்று, எந்தச் சாலை, தண்ணீர் யார் ஊற்றுவார் என்ற விவரங்களோடு ஊராட்சி மன்றத் தலைவரின் கடிதமும் கொண்டு செல்வது நலம்.