இரத்தச் சர்க்கரையை வீட்டிலேயே அளத்தல்: பயனும் செலவும்

நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயாளிகள் என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் நோயின் முன்நிலையில் உள்ளனர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்கள். வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் இந்நோயில் மருத்துவரை நோயாளி காண்பது ஆண்டில் சில முறைகளே. எஞ்சிய நாட்களில் நோயைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரையே சார்ந்தது. அதற்கு உதவும் கருவியே குளுக்கோமீட்டர்.

கருவி வளர்ந்த வரலாறு

முன்னாளில் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் சேர்த்துக் கொதிக்க வைத்து, நிறமாற்றத்தைக் கொண்டு சர்க்கரையைக் கணித்தனர். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது பொதுவாகச் சிறுநீரில் வெளிப்படும். தாழ்நிலையை அம்முறை காட்டவே காட்டாது. 1960-களில் நிறம் மாறும் இரத்தச் சோதனைப் பட்டைகளும், 1970-களின் தொடக்கத்தில் அவற்றைப் படிக்கும் கருவியும், 1980-களில் மின்வேதியியல் முறையில் இயங்கும் சிறு கருவிகளும் வந்தன. இக்காலப் பட்டைகள் பலவற்றில் உள்ள நொதி, இரத்தத்திலுள்ள குளுக்கோஸுடன் வினைபுரிகிறது. அதனால் எழும் நுண்ணிய மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

யாருக்கு இன்றியமையாதது?

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கு வீட்டுப் பரிசோதனை இன்றியமையாதது. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துவிடும் அபாயம் உண்டு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் குறைவது தாழ்நிலையாகும். அப்போது 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இவ்வபாயம் மிகக் குறைவு.

இன்சுலின் தேவைப்படாதோரின் நிலை வேறு. 2007-இல் வெளியான, 453 பேர் பங்குகொண்ட பிரிட்டிஷ் ஆய்வும், 2017-இல் வெளியான, 450 பேர் பங்குகொண்ட அமெரிக்க ஆய்வும், வெறுமனே அளந்து வருவதால் ஓராண்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் விளையவில்லை எனக் கண்டன. மாறாக, 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து மூன்று நாட்கள், நாளொன்றுக்கு ஏழு முறை அளந்து, அக்குறிப்பை மருத்துவருடன் ஆராய்ந்தவர்களின் நோய்க் கட்டுப்பாடு மற்றவர்களைவிடச் சற்று மேம்பட்டது. ஆகவே, முடிவெடுக்கப் பயன்படும் எண்ணுக்கே மதிப்பு உண்டு என்பது தெளிவாகிறது.

செலவுக் கணக்கு

கருவியை வாங்குவது ஒருமுறைச் செலவு. பட்டைகளோ தொடர் செலவு. பட்டை ஒன்று ரூ. 20 எனக் கொண்டால், நாளொன்றுக்கு இருமுறை அளப்பவர் ஆண்டுக்கு 730 பட்டைகளுக்கு ரூ. 14,600 செலவிட நேரிடும். மேற்கூறிய முறையில் 84 பட்டைகளே தேவை; செலவு ரூ. 1,680. மருந்துக்கும் சத்துணவுக்கும் பயன்பட வேண்டிய பணம் நோக்கமற்ற பரிசோதனையில் கரைவது ஏழைக் குடும்பத்திற்குப் பேரிழப்பாகும்.

இச்சுமையைக் குறைக்க அரசு சில நடவடிக்கைகளை மேற்கொண்டுள்ளது. 2021 ஜூலையில் குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து மருத்துவக் கருவிகளின் வணிக லாபத்திற்கு 70 சதவீத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இக்கருவி, பட்டை ஆகியவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மக்கள் மருந்தகங்களிலும் இவை விற்கப்படுகின்றன.

பிழையின்றி அளக்கும் முறை

சோப்பினால் கைகழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே விரலில் குத்த வேண்டும். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் அளந்தால் பொய்யான உயர்வு தெரியும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். பட்டைக் குப்பியை உடனே இறுக மூடி, வெப்பமும் ஈரமும் படாமல் வைத்தல் வேண்டும். காலாவதியான பட்டை ஆகாது. ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்தினால் கல்லீரல் அழற்சி போன்ற நோய்கள் பரவக்கூடும். உணவுக்கு முன்பும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்தால், அவ்வுணவின் விளைவு புலப்படும். பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உணவுக்குப் பின் 180-க்குக் கீழும் இருத்தல் நலம். முதியோருக்கு மருத்துவர் வேறு இலக்கு வகுக்கலாம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு இது மாற்றன்று. எனினும் இரும்புச்சத்துக் குறைவால் அப்பரிசோதனை சற்று உயர்ந்த அளவைக் காட்டக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். இத்தகையோருக்கு வீட்டுக் குறிப்பு மருத்துவருக்கு நல்ல துணையாகும்.

செய்ய வேண்டுவது

தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தின்கீழ் 30 வயதைக் கடந்தோருக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. நோயைக் கண்டறிவதோடு பணி முடிவதில்லை. எப்போது அளப்பது, எண்ணைக் கண்டு என்ன செய்வது என்பதைச் சுகாதார நிலையங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் கற்பித்தல் வேண்டும். இன்சுலின் பெறும் ஏழை நோயாளிக்கு மருந்தோடு பட்டையும் கிடைக்க வழி செய்வதே முதற்கடமை. எல்லோருக்கும் கருவி என்பதைவிட, தேவையுள்ளோருக்குத் தடையின்றிப் பட்டை என்பதே சிக்கனமும் நலமும் ஒருங்கே தரும் கொள்கையாகும்.