சிரிக்கும் பாவை, அழும் பாறை

செருக்கோடு கொல்லிமலை ஏறிவந்த அசுரரைச் சிரித்தே மயக்கிக் கொன்றவள் கொல்லிப்பாவை என்பது மலைக்கதை. நற்றிணை இன்னும் ஒரு படி மேலே போகிறது: பூதம் செய்தமைத்த இப்பாவை காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதற்கும் உருக்குலையாது.

கிரேக்கக் கதை ஒன்றில் செருக்குக்குக் கிடைத்த தண்டனை வேறு விதம். தீப்ஸ் நகர அரசி நியோபி, தனக்குப் பிள்ளைகள் பலர், தெய்வத்தாய் லேட்டோவுக்கு இருவர்தானே என்று பீற்றிக்கொண்டாள். அந்த இருவரான அப்பல்லோவும் ஆர்ட்டெமிசும் அவள் பிள்ளைகளை அம்பெய்து கொன்றனர். நியோபி அழுதழுது கல்லானாள். துருக்கியில் மனிசா நகருக்கு அருகே, பெண்முகச் சாயலுள்ள ஒரு பாறையில் கசியும் நீரை அவள் கண்ணீர் என்பார்கள்.

அங்கே செருக்குற்றவள் கல்லானாள். இங்கே செருக்கை அடக்கியவள் தெய்வமானாள். கொல்லிப்பாவையை இம்மலை மக்கள் எட்டுக்கை அம்மனாக இன்றும் வழிபடுகிறார்கள்.