கல்லுக்குள்ளே ஒரு பச்சைக் கோடு

அண்டார்டிகா என்றதும் பனிதான் நினைவுக்கு வரும். ஆனால் பனி மூடாத இடமும் அங்கே உண்டு. மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என்று பெயர். நாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் வெறும் பாறையும் மணலும் சரளைக் கல்லும்தான். மதுரை மாவட்டத்தைவிடப் பெரிய இடம். கண்டத்தின் நடுவிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பனிப்பாளத்தை ஒரு மலைத்தொடர் மறித்து நிறுத்திவிடுகிறது. தப்பி வந்து தூவும் கொஞ்சநஞ்சப் பனியையும் வறண்ட காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மழை கிடையாது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்.

1903 டிசம்பரில் பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி ராபர்ட் ஸ்காட் இரண்டு தோழர்களுடன் அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒன்றுக்குள் நடந்து போனார். வழியில் ஒரு சீலின் எலும்புக்கூடு கிடந்தது. உயிருள்ள எதுவும் கண்ணில் படவில்லை, ஒரு பாசித் திட்டுகூட. அவரைக் குறை சொல்ல முடியாது. பாறையை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அப்படித் தோன்றிய ஒருவர் இம்ரே ஃப்ரீட்மன். ஹங்கேரியில் பிறந்த பாசி ஆராய்ச்சியாளர். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், சுடும் பாறைகளுக்கு உள்ளே நீலப்பச்சைப் பாசி வாழ்வதை அவர் முன்பே பார்த்திருந்தார். வெயில் பாலைவனத்துக் கல்லில் இருப்பது குளிர்ப் பாலைவனத்துக் கல்லிலும் இருக்கலாம் அல்லவா? அண்டார்டிகா போய்ப் பார்க்க அப்போது அவருக்கு வழியில்லை. அங்கே போகவிருந்த உல்ஃப் விஷ்னியக்கிடம் சில கற்களை எடுத்து வரச் சொன்னார்.

விஷ்னியக் அமெரிக்க நுண்ணுயிரியலாளர். செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கருவி செய்திருந்தார். வைக்கிங் விண்கலத்தில் போக வேண்டிய கருவி அது. கடைசியில் இடம் கிடைக்கவில்லை. செவ்வாய் இல்லாவிட்டால் என்ன, பூமியில் செவ்வாயை ஒத்த இடம் இருக்கிறதே என்று அண்டார்டிகா போனார். 1973 டிசம்பரில், ஆய்வு மாதிரிகளை எடுக்கத் தனியாகப் போனவர் மலைச்சரிவில் விழுந்து இறந்தார். அவர் சேகரித்து வைத்திருந்த கற்களை அவருடைய மனைவி ஹெலன் ஃப்ரீட்மனுக்கு அனுப்பிவைத்தார்.

அந்தக் கற்களுக்குள் நீலப்பச்சைப் பாசி இருந்தது. ஃப்ரீட்மனும் அவர் மனைவி ரோஸெலி ஒகாம்போவும் 1976இல் அந்தச் செய்தியை வெளியிட்டார்கள். அதே ஆண்டில்தான் வைக்கிங் செவ்வாயில் இறங்கியது. ரோஸெலி பிலிப்பைன்ஸ்காரர். கல்லுக்குள் இருக்கும் பாசியைக் கண்ணால் பார்ப்பது பாதி வேலைதான். அதை உயிரோடு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால்தான் அது என்ன இனம், எப்படி வாழ்கிறது என்று தெரியும். பலருக்கும் கைவராத அந்த வேலையை அவர் செய்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவர் பெயரை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

பிறகு அவர்களே நேரில் போய்ப் பாறைகளை உடைத்துப் பார்த்தார்கள். உடைந்த முகத்தில் மேலிருந்து கீழாக வண்ணக் கோடுகள் தெரிந்தன. மேலே துருநிறத்தில் மெல்லிய கடினப் பொருக்கு. அதற்கடியில் ஒரு கறுப்புக் கோடு, பிறகு வெள்ளை, பிறகு பச்சை. எல்லாம் சேர்த்தும் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான்.

கல்லுக்குள் இடம் ஏது? அது மணற்பாறை. கடலை மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். கடலைப் பருப்புகளை வெல்லப்பாகு ஒட்டிப் பிடித்திருக்கிறது; ஆனாலும் இடையிடையே சின்னச் சின்னச் சந்துகள் இருக்கும். மணற்பாறையும் இதே அமைப்புதான். மணல்துகள்தான் பருப்பு, அவற்றைப் பிணைக்கும் தாதுப்பூச்சுதான் பாகு. சந்துகளில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. துகள்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதால் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும். பச்சைக் கோட்டுக்குப் போய்ச் சேருவது மேலே விழும் ஒளியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அது போதும் என்று அங்கே ஒளிச்சேர்க்கை நடக்கிறது.

தண்ணீர் வேண்டுமே? கோடையில் வெயில் படும் பாறை, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடும். மேலே விழுந்த பனித்தூவி உருகி உள்ளே கசியும். பூமியின் தென்கோடி என்பதால் சூரியன் வடக்கு வானத்தில் இருக்கும்போதுதான் உயரமாக நிற்கும். ஆகவே வடக்குப் பார்த்த பாறைகளில்தான் குடியிருப்பு அதிகம். சரி, இத்தனை சிரமப்பட்டு உள்ளே இருப்பானேன், மேலேயே இருக்கலாமே? பாறையின் மேற்பரப்பில் ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் வெப்பநிலை உறைநிலைக்கு மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை உறைவதும் உருகுவதும் எந்த செல்லுக்கும் தாங்காது. சில மில்லிமீட்டர் உள்ளே போனால் அந்தத் தொல்லை அடங்கிவிடுகிறது.

பாறைச் சிதைவு என்றால் பாடப்புத்தகத்தில் வெயில், மழை, காற்று என்று வரும். கடைசியில் ‘உயிரினங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் பாறையைப் பிளக்கும் மரவேரின் படம். வேரே இல்லாத இந்தக் குட்டி உயிர்கள் செய்வதைப் பாருங்கள்.

கறுப்பு, வெள்ளைக் கோடுகளில் இருப்பது லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. பாசி சர்க்கரை தயாரிக்கிறது. பூஞ்சை நீரைப் பிடித்து வைக்கிறது. மேலே உள்ள பூஞ்சை இழைகள் கறுப்பு நிறமியால் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தையும் சுரக்கிறது. புளியாரைக் கீரையைக் கடித்தால் புளிக்குமே, அந்தப் புளிப்பில் இருக்கும் அதே அமிலம்தான். இது மணல்துகள்களின் மேல் படிந்த இரும்பைக் கரைத்து அப்புறப்படுத்துகிறது. துருநிறம் போய் அந்த அடுக்கு வெளுத்துவிடுகிறது. துகள்களைப் பிணைக்கும் பூச்சும் மெல்ல மெல்லக் கரைகிறது. பாகு கரைந்தால் மிட்டாய் என்ன ஆகும்? ஒருநாள் மேல்பொருக்கு அப்படியே பட்டையாகப் பெயர்ந்து விழுகிறது.

குடியிருந்தவர்களின் தலைக்கு மேல் இருந்ததே அந்தப் பொருக்குதான்! விழும் பட்டையோடு சில உயிர்களும் போகும். மிஞ்சியவை இன்னும் ஆழமாக வளர்ந்து இறங்குகின்றன. திறந்து கிடக்கும் முகத்தில் காலப்போக்கில் புதுப் பொருக்கு படிகிறது. பிறகு அதுவும் பெயரும். இந்தப் பாறைகளில் துருநிறத் திட்டும் வெள்ளைத் திட்டும் கலந்து தெரிவதற்கு இதுதான் காரணம். ஸ்காட் இந்தத் திட்டுகளைப் பார்த்தபடியே நடந்திருக்கலாம்.

அவசரமே இல்லாத வேலை இது. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் இந்த உயிர்கள் விழித்து வேலை செய்வது ஆயிரம் மணிக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் உறைந்தோ உலர்ந்தோ கிடக்கும். அங்குள்ள கரிமம் முழுதும் ஒரு தடவை புதுப்பிக்கப்பட பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கீழடியின் வயதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு!

சில பாறைகளில் குளிர் கூடிப்போய் உயிர்கள் செத்துவிடுகின்றன. ஆனாலும் இரும்பு நீங்கி வெளுத்த அந்த அடுக்கு மட்டும் தடயமாக நிற்கிறது. செவ்வாய் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் பெரிய ஆர்வம். உயிர் போன பிறகும் அது இருந்ததற்கான தடயத்தைக் கல்லில் படிக்க முடியும் அல்லவா? இந்தப் பாறைகளில் வாழும் கறுப்புப் பூஞ்சை ஒன்றை 2008இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோய், அதன் வெளிப்புறத்தில் ஒன்றரை ஆண்டு வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது சில செல்கள் உயிரோடு இருந்தன.

லைக்கனைப் பார்க்க நீங்கள் அண்டார்டிகா போக வேண்டாம். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். நம் ஊர்ப் பாறைக் குன்றுகளிலும் பழைய கோவில் மதில்களிலும் சாம்பல், வெளிர்பச்சை நிறத்தில் வட்ட வட்டமாகப் படர்ந்திருப்பதும் லைக்கனே. குன்றுகளில் மழைநீர் வழியும் தடங்களில் கறுப்புப் பட்டைகள் தெரியும். அவை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. இங்கே மழையும் சூடும் தாராளம் என்பதால் இவை ஒளிந்து வாழாமல் கல்லின் மேலேயே படர்கின்றன. அமில வேலை மட்டும் அதேதான். கல்வெட்டு எழுத்துகள் மங்குவதற்கு லைக்கனும் ஒரு காரணம். ஆனால் சில கற்களில் அது மழைக்கும் காற்றுக்கும் தடுப்பாக இருக்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எடுப்பதா, விடுவதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நீங்களாகச் சுரண்டப் போகாதீர்கள். கல்லும் பொடிப்பொடியாகக் கூடவே வந்துவிடும்.

வெயிலில் காய்ந்து கிடக்கும் ஒரு லைக்கன் திட்டைப் பாறையில் தேடிப் பிடியுங்கள். அதன் மேல் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாம்பல் நிறம் சில நிமிடங்களில் பச்சையாகத் திரும்பும். நீர் பட்டதும் மேலே இருக்கும் பூஞ்சைத் தோல் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. அப்போது அடியில் உள்ள பாசி தெரிகிறது. கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால், திட்டின் நடுவைவிட ஓரத்தைப் பாருங்கள். அது கல்லின் மேல் புதிதாகப் பரவுவது அந்தப் பக்கம்தான்.