மீன் தொட்டிக்கு எந்த மணல்?

சுங்கைப் பட்டாணிக்குத் தெற்கே மூடா ஆறு. மேற்கே பந்தாய் மெர்டேக்கா கடற்கரை. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கை மணல் அள்ளிப் பார்த்தால் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. நன்னீர் மீன் தொட்டியில் போட்டால் ஒன்று சும்மா கிடக்கும். மற்றது தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடும்.

காரணம், அவை உருவான விதம். உலு மூடா காடுகளிலிருந்து இறங்கும் ஆறு பாறைத் துகள்களை வழிநெடுக உருட்டி வருகிறது. மற்ற தாதுக்கள் சிதைந்து களிமண்ணாகிப் போக, பெரும்பாலும் மிஞ்சுவது குவார்ட்ஸ். அது சிலிக்கா, தண்ணீரோடு எளிதில் வினைபுரியாது. கடற்கரையில் அதோடு சிப்பி, கிளிஞ்சல் தூளும் சேர்கிறது. உப்பைக் கழுவி நீக்கலாம். கிளிஞ்சல் தூளை நீக்க முடியாது. அது கால்சியம் கார்பனேட். மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், பிஎச் அளவை உயர்த்தும். ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனிக்கா ஏரி மீன்களுக்கு அது ஏற்றதுதான். நம் தீபகற்பத்துக் காட்டோடைகளில் வாழும் ஹார்லிகுவின் ரஸ்போராவுக்கு மென்னீரே ஒத்துவரும்.

சோதிப்பது எளிது. காய்ந்த மணலில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். குமிழிகள் கிளம்பினால் அதில் கிளிஞ்சலோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது.

அடுத்தது பரல் அளவு. 0.0625 முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ளதை எல்லாம் புவியியலார் மணல் என்கிறார்கள். தொட்டிக்குச் சீனிப் பரல் போல அரை மில்லிமீட்டரை ஒட்டியது வசதி. அதைவிடப் பொடியாக இருந்தால் இறுகிப்போகும், தண்ணீரும் கலங்கும். பெரிய கற்களாக இருந்தால் மிச்சத் தீனி இடுக்கில் விழுந்து அழுகும். கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலில் எல்லா அளவும் சேறும் கலந்திருக்கும். சலித்து, தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். நீச்சல் குள வடிகட்டிக்கு விற்கும் சிலிக்கா மணல் ஏற்கெனவே சலித்தது, வேலை மிச்சம்.

எல்லா மீனுக்கும் மணல் தேவையில்லை. அடித்தளத்தில் மேயும் மீன்களுக்குத்தான் அது வாழ்விடம். மதுரைக் குழம்பில் பேர்பெற்ற அயிரை மணலில் புதையும்; அதே குடும்பத்தைச் சேர்ந்த, தென்கிழக்காசியாவின் குஹ்லி லோச்சும் அப்படியே. தென்னமெரிக்கக் கோரிடோராஸ் மணலை வாயில் அள்ளி, இரையைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும். கூரான கல்லில் கிடந்தால் இவற்றின் மீசைகள் புண்ணாகலாம்.

எவ்வளவு போடுவது? 3 அல்லது 4 சென்டிமீட்டர் போதும். 60க்கு 30 சென்டிமீட்டர் தொட்டியில் 4 சென்டிமீட்டர் பரப்ப 7.2 லிட்டர், அதாவது 11 அல்லது 12 கிலோ மணல் பிடிக்கும். ஆழம் கூடினால் அடியில் ஆக்சிஜன் போய்ச் சேராது. அங்கே வளரும் நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். மணலில் கருந்திட்டு தெரியும். அந்த வாயு மீனுக்கு நஞ்சு. செடிக்கும் வெறும் மணலில் சத்து கிடையாது. வேருக்குப் பக்கத்தில் உர வில்லை புதைக்க வேண்டும்.

மணலைக் கிளறிவிட ஒரு கூலியில்லா ஆளும் உண்டு. மலேசியன் டிரம்பட் நத்தை என்று உலகெங்கும் மீன் வளர்ப்போர் சொல்லும் கூம்பு வடிவ நத்தை, பகலில் மணலுக்குள் துளைத்துத் திரியும், இரவில் மேலே வரும். அது போகும் வழியில் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆண் துணை இல்லாமலே குஞ்சு ஈனும் என்பதால் விரைவில் பெருகும். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் நத்தையைக் குறை சொல்லாமல் தீனியைக் குறையுங்கள். மீன் தின்னாமல் விட்டதைத்தான் அது தின்று பெருகியிருக்கிறது.