அனோடைசிங் தொழிலில் மின் இணைப்பு

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளி போன்ற தொழிற்பகுதிகளில், பிறர் தரும் அலுமினியப் பாகங்களைக் கூலிக்கு அனோடைசிங் செய்து தருவது சிறு முதலீட்டுக்கு ஏற்ற தொழிலாகும். கூலி சொற்பம், கெட்டுப்போகும் பாகமோ பல நாள் கடைசல் வேலையின் பயன். இவ்விழப்புக்குப் பல வேளைகளில் காரணம் அமிலமன்று. பாகத்தைத் தொட்டு நிற்கும் கம்பியே.

இம்முறையில் பாகமே நேர்மின்வாயாக அமைகின்றது. 15 முதல் 20 விழுக்காடு கந்தக அமிலக் கரைசலில், ஏறத்தாழ 20 பாகை செல்சியசில், 12 முதல் 20 வோல்ட் நேர்மின்சாரம் செலுத்தப்படுகின்றது. பரப்பில் வளரும் ஆக்ஸைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கம்பியின் பிடி சற்றே தளர்ந்தாலும் இடையில் அமிலம் புகுந்து, அங்கும் படலம் வளர்ந்து, மின்னோட்டம் தடைப்படும். பொறி எழுந்து பாகம் கருகுவதும் உண்டு. இடையில் நின்றுபோன படலத்தைக் காரத்தில் கரைத்து மீண்டும் தொடங்கலாம்; ஆனால் உலோகமும் சிறிது கரைவதால் நுண்ணளவுகள் பிழைபடும்.

தாமிரக் கம்பியை அமிலத்தில் அமிழ்த்தலாகாது. அது கரைந்து தொட்டியையே கெடுத்துவிடும். டைட்டானியப் பற்றிகள் நெடுநாள் உழைப்பவை. எனினும் அவற்றின் மின்தடை அலுமினியத்தைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்டது, விலையும் கூடுதல். துளையோ விளிம்போ இல்லாத பாகங்களுக்கு அலுமினியக் கம்பியைப் பற்றவைத்துவிடுவதே உறுதியான வழி. ஆர்கான் வாயுச் சூழலில், மாறுமின்னோட்டத்தில், டங்ஸ்டன் மின்வாய் கொண்டு இது செய்யப்படுகின்றது. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேலுள்ள ஆக்ஸைடோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். மாறுமின்னோட்டம் அப்படலத்தைச் சிதைத்து வழிவிடுகின்றது.

நிரப்புக் கம்பியின் தேர்வில் கவனம் வேண்டும். 5 விழுக்காடு சிலிக்கான் உள்ள 4043 வகை, அனோடைசிங் செய்தபின் கருஞ்சாம்பல் நிறமாகும். 5 விழுக்காடு மக்னீசியம் கொண்ட 5356 வகையில் இக்குறை குறைவு. சிலிக்கான் வகை எளிதாக ஓடுகிறது என்பதற்காகவே அதைக் கையிலெடுப்பது சிக்கனமாகாது.

கம்பியின் பருமனைப் பரப்பைக் கொண்டு கணக்கிட வேண்டும். சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் எனக் கொண்டால், 40 சதுர டெசிமீட்டர் பாகத்துக்கு 60 ஆம்பியர் தேவை. மெல்லிய கம்பி இதனைத் தாங்காது. கரைசலுக்கு வெளியே உள்ள பகுதி சூடேறி அறுந்துவிடும்.

பற்றவைப்பின் வெப்பம் 6061 போன்ற கடினப்படுத்திய கலவைகளை அவ்விடத்தில் மென்மையாக்கும். கம்பியை வெட்டி அராவிய இடத்திலும் படலம் இராது. எனவே சுமை தாங்காத, கண்ணுக்கு மறைவான ஓர் இடத்தை, பாகத்தை அனுப்புவோரே வரைபடத்தில் குறித்துத் தருதல் நன்று.