தலைப்பிறையும் காவலூர் மலையும்



ஷஃபான் 29ஆம் நாள் மஃரிப் நேரம் நெருங்கியதும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மொட்டை மாடிகள் நிறைந்துவிடுகின்றன. "அமாவாசை கழிந்துவிட்டதே, பிறை ஏன் தென்படவில்லை?" என்ற வினா அப்போது எழும். சில குடும்பங்களில் அது மனத்தாங்கலிலும் முடிவதுண்டு.

சூரியனும் சந்திரனும் விண்ணில் ஒரே திசையில் சேரும் கணமே அமாவாசை. அப்போது ஒளிபெற்ற பக்கம் நமக்கு மறைந்திருக்கும். பின்னர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை வீதம் சந்திரன் சூரியனைவிட்டுக் கிழக்கே விலகுகிறது. விலகல் சுமார் 7 பாகைக்குக் குறைவாயின் பிறையே உருவாகாது என்பது பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் கண்ட எல்லை. வெறுங்கண்ணுக்கோ பெரும்பாலும் 10 பாகையேனும் வேண்டும். நமக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்தே மக்காவில் சூரியன் மறைகிறது. அதற்குள் சந்திரன் மேலும் ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலாக விலகிவிடும். அங்கே பிறை தென்பட்டு இங்கே தென்படாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம். எவரும் பொய்யுரைத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. மேகம் மறைத்தால் முப்பதாகப் பூர்த்தி செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிச் சென்றுள்ளார்கள்.

தலைப்பிறையின் வளைந்த முதுகு எப்போதும் சூரியன் மறைந்த பக்கமே இருக்கும். நம் பகுதியில் அது பெரும்பாலும் தோணிபோல், கொம்புகள் மேல்நோக்கியபடி தோன்றும். கொம்புகள் கீழ்நோக்கி இருந்தன என்பவர் மேகக் கீற்றைக் கண்டிருக்கலாம். உருண்டையாய்ச் சுடர்விட்டது என்பாராயின் அது வெள்ளிக் கோளாக இருக்கக்கூடும். (இருகண் நோக்கியைச் சூரியன் முற்றிலும் மறையுமுன் பிள்ளைகளிடம் தராதீர்கள், பார்வையே பறிபோகும்.)

இவ்வானத்தை ஆராயும் இடமொன்று நம் அருகிலேயே உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலைமீது சென்றால் காவலூர். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கிற்று. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் அறியப்பட்டபோது காவலூரிலும் அந்நிகழ்வு பதிவாயிற்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டு, அறிஞர் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அவருடைய தந்தை பணியாற்றியது ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில். அதை நிறுவியவர் ஒரு நவாப் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உலக வானியலாளர் இன்றும் வழங்கும் விண்மீன் பெயர்கள் பல அரபுச் சொற்களே. நாம் கார்த்திகை என்பது அரபியில் துரையா. அதனைப் பின்தொடரும் செந்நிற ரோகிணியே அல்தபரான். 'பின்தொடர்வது' என்பதே அதன் பொருள். தை, மாசி மாத முன்னிரவுகளில் இரண்டையும் மாடியிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.